நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

ஊசியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்த ஜாஸ் இசைத்தட்டு வந்தாலும் அதன் படம் போட்ட உறையை உள்ளறையில் வைத்துவிட்டு, வெறும் வெள்ளை உறையில் நுழைத்துத்தான் காதம்மாவிடம் கொடுப்பார்கள். தட்டின் நடுவில் இருக்கும் லேபிள்மேல் வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்று உட்கார்ந்திருக்கும். வாசித்தது யார், வெளியிட்டது யார், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. காதம்மா கேட்பாள். மனசுக்குப் பட்டால் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை எழுதுவாள். படவில்லையென்றால் வெள்ளை உறையை மேஜையின் இடப்பக்கம் தள்ளிவிடுவாள். குறை சொல்லி ஓர் அட்டைகூட எழுதியதில்லை. திட்டுவதற்கு அவங்கவங்க வீட்டிலேயே ஆள் இருக்கும், நாம வேற எதுக்கு என்பாள்.

ஊசி என்பது கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். யார் உள்ளே நுழைந்தாலும், வீட்டில் தட்டு ஓட்டுகிற டர்ன்டேபிளில் ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பதுதான் அவருடைய வணக்கம். காதம்மாவுக்குப் பெயர் வந்த கதை இன்னும் எளிது. காலை வேளையில் அவள் காது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருப்பவரிடம், சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லி, பொத்தானை அழுத்தி, தாளில் புள்ளி வைக்கிற வேலை. பொத்தானை அழுத்தாதபோதும் சிலர் கையைத் தூக்குவார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. இந்நேரம் ஏதாவது கேட்டிருக்க வேண்டுமே என்ற ஆசையில் கை தானாக எழும். காதம்மா அதற்குப் புள்ளி வைக்க மாட்டாள்.

மத்தியானத்துக்குமேல் அவள் ஊசியின் கடைக்கு வந்துவிடுவாள். வாசலுக்குப் பக்கத்து அலமாரி அவளுடையது. அதில் ஒரு நிபந்தனை: உயிரோடு இருப்பவர்கள், இன்றும் வாசித்துப் பிழைப்பவர்கள், அவர்களுடைய தட்டு மட்டும்தான் அங்கே நிற்கும். செத்துப்போன மேதைகளுக்கெல்லாம் கடையின் பின்பக்கம் இடம் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர், ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டபோது, "அவங்களுக்கு என் சிபாரிசு எதுக்குங்க? அவங்க அடுத்த தட்டு போடப்போறதில்லையே" என்று முடித்துவிட்டாள்.

அட்டைகளும் அப்படித்தான் இருக்கும். ஒன்றில், 'டிராம்போன் வாசிப்பவர் பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பளுவை எப்படி இறக்க வேண்டும் என்று இவருக்குத் தெரியும். இரண்டாம் பக்கத்தை முதலில் கேளுங்கள்' என்று எழுதியிருந்தாள். யாரென்று தெரியாமல் கேட்டு, பிடித்துப்போனபின் உறையை வாங்கிப் படித்து, வாசிப்பவரின் பிழைப்பு என்ன என்று ஒரு வரி சேர்ப்பது அவள் பழக்கம். இன்னொன்றில், 'நாலு பெண்கள். பியானோ சரியில்லாத ஒரு மண்டபத்தில், அந்தச் சரியில்லாததைத் தெரிந்தே வாசித்திருக்கிறார்கள். போனில் கேட்டால் அது தப்பாகத் தெரியும், தட்டில் கேட்டால் அந்த மண்டபம் தெரியும்.' சனிக்கிழமை வருகிறவர்கள் முதலில் அந்த அலமாரிமுன் நின்று படித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். காதம்மா சொன்னால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களும் உண்டு.

வெள்ளை உறை வழக்கம் வந்ததே அவள் தம்பியால்தான்.

தம்பி ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவன். ஹோட்டல் வரவேற்பறை, கல்யாண வரவேற்பு, இரண்டு பள்ளிக்கூடங்களில் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவன். கூட வாசிப்பவர்கள் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போலத்தான் நிற்பான். சாப்பாடு வேகம், பேச்சு வேகம், பஸ் நிறுத்தத்துக்குப் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேருகிற வேகம். வாசிப்பும் அதுதான். ஒரு ராத்திரியில் மற்றவர்கள் வாசிக்கிற சுரங்களை அவன் ஒரே பாட்டில் வாசித்துவிடுவான் என்று பாராட்டாகவும் சொல்வார்கள், வேறு மாதிரியும் சொல்வார்கள்.

அவனுடைய முதல் தட்டு வந்தபோது ஊசி முந்திக்கொண்டார். நாளைக்கு அக்கா தம்பிக்கு எழுதிக்கொண்டாள் என்று எவனும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, இனிமேல் எல்லாத் தட்டும் முக்காடு போட்டுக்கொண்டுதான் உன் முன்னால் வரும் என்றார். அப்படியே வந்தது. காதம்மா கேட்டாள். யாரென்று தெரியவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. முக்காட்டுக்குள்ளிருந்து ஓட்டமாக ஓடி வருகிறவன் வேறு யாராக இருக்க முடியும்? பக்கம் முடியும்வரை கேட்டாள். இடப்பக்கம் தள்ளினாள். சில வருஷம் கழித்து இரண்டாவது தட்டு. அதுவும் இடப்பக்கம்.

தம்பி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அக்கா வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குழந்தைகள் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவான். சாக்ஸபோனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஊரெல்லாம் இவள் அட்டையைப் படித்து வாங்குகிறது, தன் வீட்டில் பிறந்தவனுக்கு மட்டும் அந்த அட்டை கிடையாது. அது அவன் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது என்று காதம்மாவுக்குத் தெரியும். எடுத்துவிடுகிற வழிதான் தெரியவில்லை.

மூன்றாவது தட்டு வந்த அன்று ஊசி கடையில் இல்லை. கண் டாக்டரிடம் போயிருந்தார். அவர் மனைவிதான், எல்லாருக்கும் அண்ணி, அன்று வந்த தட்டுகளுக்கு உறை மாற்றி, பழைய காலண்டர் தாளில் வட்டம் வெட்டி மூடிவைத்தாள். ஊசி மூடினால் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதுவார். முப்பத்திமூன்று அல்லது நாற்பத்தைந்து. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று. பெரிய தட்டுகள் அநேகமாக முப்பத்திமூன்றில்தான் ஓடும். சத்தம் இன்னும் துல்லியமாக வரட்டும் என்று சில கம்பெனிகள் அதே அளவுத் தட்டை நாற்பத்தைந்தில் ஓடும்படி தயாரிப்பதும் உண்டு. அந்தப் பென்சில் எண்ணை அண்ணி இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறாள். அது ஏதோ அலமாரி எண் என்று நினைத்திருந்தாள்.

காதம்மா காகிதத்தைப் பார்த்தாள், எண் இல்லை. அப்படியானால் வழக்கமானதுதான் என்று முப்பத்திமூன்றில் வைத்து ஊசியை இறக்கினாள்.

பக்கம் முடிந்தபிறகும் எழுந்திருக்கவில்லை. கண் சொட்டு விட்டுக்கொண்டு அதற்குள் திரும்பி வந்திருந்த ஊசியும் துடைப்பத்தைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். யாருப்பா இவன், இவ்வளவு நிதானமா என்றார். காதம்மா திருப்பிப் போட்டுக் கேட்டாள். பிறகு எழுதினாள்:

'சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ். மூன்று பேர். யாருக்கும் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. சாக்ஸபோன்காரர் ஒரு வார்த்தை சொல்கிறார், அது தரையில் விழும் சத்தம் கேட்கும்வரை இருக்கிறார், பிறகு அடுத்ததைச் சொல்கிறார். இவ்வளவு நீளமான மூச்சை நான் இதுவரை எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. இதைத் தட்டாகவே வாங்குங்கள். பக்கம் முடிந்ததும் உடனே எழுந்து திருப்ப மாட்டீர்கள்.'

எழுதி முடித்து, உறையைக் கொடுங்க அண்ணி, என்ன தொழில் பண்றார்னு பார்ப்போம் என்றாள். அண்ணி உள்ளே போய் உறையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். உறையில் தம்பி இருந்தான். ஆல்டோ சாக்ஸபோன் என்று போட்டிருந்தது. சின்னதான, மெல்லிய குரல் உடைய ஆல்டோவில் இவ்வளவு கனம் எப்படி வரவழைத்தான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தொழில் என்ன என்ற வரி மட்டும் அந்த அட்டையில் சேரவில்லை.

அட்டை அலமாரிக்குப் போனது. தட்டு விற்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டான். போனாள். தம்பி மனைவி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, உங்க அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினாங்க, இவர் அதைப் படிச்சுட்டு மாடியில போய் நின்னுக்கிட்டார், சாப்பிட வரச்சொன்னா வரல, சாப்பாட்டைக் கண்டா பறக்கிற மனுஷன் என்றாள். தன் தட்டைத் தன் வீட்டில் போட்டுக் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை, அதனால் அன்று அது ஒலிக்கவில்லை. பேச்சுதான். பழைய தம்பி திரும்பி வந்திருந்தான். கையில் எடுத்த உணவு வாய்க்குப் போகாமல் பேசினான்.

"எல்லாரும் என்னை எக்ஸ்பிரஸ்னு சொல்றாங்களே அக்கா. ரயில்தான் ஓடுது. உள்ள உக்காந்திருக்கிறவன் ஓடுறானா? அவன் சும்மா ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். அந்த ஆளைத்தான் இத்தனை வருஷமா வாசிக்கிறேன். நீ ஒருத்திதான் அவனைக் கேட்டிருக்கே."

மூச்சு என்று எழுதினாயே, அதிலும் இதைத்தானே சொல்கிறாய் என்று கேட்டான். காதம்மா தலையாட்டினாள். தட்டை வெளியிட்டவர் இரண்டாவது முறை அச்சடிக்கப் போகிறாராம், உறைமேல் அவள் எழுதியதை அப்படியே ஸ்டிக்கராக ஒட்டப் போகிறாராம், இன்னும் எட்டு நாளில், திங்கட்கிழமை, ஸ்டிக்கர் அச்சுக்குப் போகிறதாம். இரண்டாவது அச்சு என்பது அவன் வாழ்க்கையில் இதுவரை வராத ஒன்று. கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். பஸ் வரும்வரை பேசிக்கொண்டும் இருந்தான்.

பல் டாக்டர் கடைக்கு வந்தது நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை.

அவர் பழைய வாடிக்கையாளர். கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிற அறையில் ஒரு டர்ன்டேபிள் வைத்திருக்கிறார். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிதானமாக ஏதாவது வேண்டும் என்று காதம்மாவின் அட்டையைப் பார்த்து வாங்கிக்கொண்டு போனவர். தட்டை மேஜைமேல் வைத்தார்.

"உங்க நிதானம் என் நோயாளி ஒருத்தரை எழுந்து ஓடவெச்சிருச்சு காதம்மா. பல்வலி போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனார். எனக்கே கொஞ்சம் கை நடுங்குச்சு."

வேறு தட்டை உறை மாற்றிக் கொடுத்துவிட்டீர்களா என்றார். ஊசி தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதேதான் என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேபிளைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். டர்ன்டேபிளின் விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளி, ஊசியை இறக்கினார்.

காதம்மாவுக்கு மூன்று நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. முதல் அடியிலேயே தம்பி ஓடி வந்தான்.

உள்ளறையிலிருந்து அண்ணியும் வந்துவிட, கொஞ்ச நேரம் அந்த ஓட்டத்தை நாலு பேரும் கேட்டார்கள். ஊசி விசையை முப்பத்திமூன்றுக்கு இறக்கினார். ஓடி வந்தவன் கனத்து, இறங்கி, வயதாகி, ஒரு வார்த்தை சொல்லி, அது தரையில் விழும்வரை காத்திருந்தான். அதற்குப்பிறகு ஊசி தட்டை நிறுத்திவிட்டார்.

பென்சில் எண் என்றால் என்ன என்று அண்ணி அப்போதுதான் கேட்டாள். ஊசி சொன்னார். இத்தனை வருஷம் இதை என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா, ஊர்க்காரன் வீட்டு ஊசியெல்லாம் விசாரிக்கிற மனுஷன் என்றாள் அண்ணி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார் அவர். அலமாரி எண்ணை எவளாவது கேட்பாளா என்றாள் அவள்.

பிறகு மூன்று பேரும் மாறி மாறி காதம்மாவுக்குச் சமாதானம் சொன்னார்கள். வாங்கிப்போனவர்களில் டாக்டரைத் தவிர ஒருவர்கூடக் குறை சொல்லவில்லையே என்றார் ஊசி. நிஜம்தான். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் முந்தாநாள்தான் வந்து, என்ன நிதானம், என்ன மூச்சு என்று உருகிவிட்டுப் போயிருந்தார். அவர் வீட்டில் அது நாற்பத்தைந்தில்தான் ஓடியிருக்கும், லேபிளைப் பார்த்துப் போடுகிறவர். அட்டையில் நிதானம் என்று இருந்தது, அவர் நிதானத்தைக் கேட்டுவிட்டார். பல் டாக்டரும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, இனிமேல் முப்பத்திமூன்றிலேயே போட்டுக்கொள்கிறேன், எனக்கு வேண்டியது அந்த ஆள்தான் என்றார். பழியை என்மேல் போடு, நான் வெட்டின காகிதம்தானே என்றாள் அண்ணி. கடைசியில் ஊசி மெதுவாகச் சொன்னார். தம்பிக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. பொய் சொல்லி நடக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

காதம்மா டாக்டரின் தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நாற்பத்தைந்தில் வைத்துக் கேட்டாள். ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறவனைத் தேடினாள். முதல் பக்கத்தில் அவன் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில், பாஸ் மட்டும் தனியாக நிற்கிற இடத்துக்கு அப்புறம், இதோ என்றிருந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். இல்லை. அங்கே கேட்டது தம்பி சாப்பாட்டு மேஜையில் சொன்ன வாக்கியம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முன்னால் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை கேட்டாள். அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவள் பொத்தானைத் தொடாதபோது கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புள்ளி வைக்கவில்லை.

சனிக்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் வரச்சொல்லி தம்பிக்குச் சொன்னாள். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே வந்தான். ஸ்டிக்கரில் உன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஊசியும் அண்ணியும் உள்ளறையில் ஏதோ வேலை இருப்பதுபோல இருந்தார்கள்.

உட்காருடா, ஒண்ணு போடுறேன், கேளு என்றாள். வெள்ளை உறையிலிருந்து தட்டை எடுத்தாள். நடுவில் காகித வட்டம் இருந்தது. முப்பத்திமூன்றில் வைத்தாள்.

தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தான். டெனர் என்றான், ஆல்டோவைவிடப் பெரிய, கனத்த குரல் உடைய சாக்ஸபோன். வயசான ஆள், உடம்பு சரியில்லாத ஆளாகக்கூட இருக்கலாம் என்றான். நல்லா வாசிக்கிறார், ஆனா எனக்கு இந்தப் பொறுமை கிடையாதுப்பா என்று சிரித்தான். டிரம்ஸ்காரர் வெண்கலச் சிம்பலிலிருந்து கையை எடுக்கும்போது குச்சி ஓரத்தில் இடறுகிற ஒரு சின்னச் சத்தம் வந்தது. மறுபடி வந்தது. தம்பி நிமிர்ந்தான்.

"இது எங்க ஆள் பண்ற தப்பு."

அவன் எழுந்து போய், ஓடுகிற தட்டின்மேல் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனே விசையைத் தள்ளினான். கனத்த ஆள் ஒரே இழுப்பில் இளைஞனாகி ஓட ஆரம்பித்தான். தம்பி கையை விசைமேலேயே வைத்திருந்தான்.

அக்கா சொன்னாள். காகிதத்தில் எண் இல்லாதது, தான் கேட்காதது, எல்லாவற்றையும் முன்பின் மாறாமல் சொன்னாள். அண்ணி பெயரை இழுக்கவில்லை. எண் இல்லையென்றால் கேட்டிருக்க வேண்டியவள் நான்தான் என்றாள்.

"அப்ப நீ எழுதினது?"

"மெதுவா ஓடினவனைப் பத்தி."

"என்னைப் பத்தி இல்ல."

"இல்ல."

அவன் ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைத்தான். வேகமாகச் செய்யவில்லை. தட்டில் கீறல் விழக்கூடாது என்று செய்தான்.

"சரியான வேகத்துல கேட்டியா?"

"மூணு தடவ."

"கேட்டு?"

நடுவாக ஏதாவது சொல்ல இடம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த இடத்தைச் சொல்லியிருக்கலாம். அவன் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவளுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

"இடப்பக்கம்தான்டா" என்றாள்.

தம்பி மேஜையைப் பார்த்தான். இடப்பக்கத்தில் இந்த வாரத்து வெள்ளை உறைகள் சில கிடந்தன. அவை யார் யாருடையவை என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெருவில் ஏதோ வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான்.

"இருந்திருக்கலாம்."

"ஊசி அண்ணன் சொல்லியிருப்பாரே, சும்மா இருன்னு."

"சொன்னார்."

அவன் போனை எடுத்து வெளியீட்டாளரைக் கூப்பிட்டான். ஸ்டிக்கர் வேண்டாம் என்றான். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "எங்கக்கா வேற ஒருத்தன் தட்டைக் கேட்டுட்டா" என்றான். மறுபடி ஏதோ கேட்டார்கள் போல. ஸ்டிக்கர் இல்லாமல் இரண்டாவது அச்சு வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். அட்டையை நீயே எடுத்துவிடு, நான் எடுத்தால் கோபத்தில் எடுத்த மாதிரி இருக்கும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விட்டான். அண்ணி வைத்த தேநீர் மேஜையில் இருந்தது. சூடாக எதையும் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை அவன்.

காதம்மா அன்று காலையே வேறு அட்டை எழுதி அதே இடத்தில் வைத்தாள்.

'இந்தத் தட்டு நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது. நான் முப்பத்திமூன்றில் கேட்டு எழுதிவிட்டேன். முன்பு எழுதிய எதுவும் இதை வாசித்தவரைப் பற்றியது அல்ல. வாசித்தவர் என் தம்பி. என் அட்டையை நம்பி வாங்கியவர்கள் திருப்பித் தரலாம்.'

அதன் விளைவு அவள் நினைத்த மாதிரி வரவில்லை. திருப்பிக் கொண்டுவந்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தலைமையாசிரியர் வந்து, அட்டையைப் படித்து, முகம் சிவந்து, தனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது என்றார். ஆனால் தட்டைத் தரவில்லை. புதிதாக வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள், இரண்டு வேகத்திலும் போட்டுக் காட்டச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பத்திமூன்றில்தான் நன்றாக இருக்கிறது என்று ஒரு கட்சி, இல்லை, நாற்பத்தைந்துதான் நிஜம் என்று ஒரு கட்சி. ஊசிக்கு அது வாய்க்குச் சர்க்கரை. காதம்மாவுக்கு எரிச்சல். இதற்கு நான் அந்த முதல் அட்டையையே விட்டுவைத்திருக்கலாம், அவனுக்கு மானமாவது மிஞ்சியிருக்கும் என்றாள். வெளியீட்டாளர் இரண்டாவது அச்சைப் போட்டார். உறையில் ஸ்டிக்கர் இல்லை.

தம்பி வரவில்லை. போனும் இல்லை. தம்பி மனைவி மட்டும் ஒருநாள் பேசினாள். அவர் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்கிறார், சத்தமும் சரியாக வரவில்லை, பாதியில் நின்று நின்று வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா என்றாள். காதம்மா என்ன சொல்ல முடியும்? சாப்பிடுகிறானா என்று கேட்டாள். அதெல்லாம் பறக்கிறார் என்றாள் அவள்.

ஊசி இப்போது வட்டக் காகிதத்தில் ஓரமாகச் சின்னதாக ஒரு ஓட்டை போட ஆரம்பித்திருந்தார், லேபிளில் வேகம் போட்டிருக்கிற இடம் மட்டும் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் போட்டிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் தனியாக அளந்து வெட்ட வேண்டியிருந்தது. பென்சிலில் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று அண்ணி கேட்டாள். எழுதுகிற ஆள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றார். எழுதுகிற ஆள் நீங்கள்தானே என்றாள் அவள்.

மழைவிட்ட ஒரு மத்தியானம் தம்பி வந்தான். சாக்ஸபோன் பெட்டி கையில் இருந்தது, ஹோட்டலுக்குப் போகிற வழி. அலமாரிமுன் நின்று அக்கா எழுதிய இரண்டாவது அட்டையைப் படித்தான். முன்பே யாரோ போட்டோ அனுப்பியிருப்பார்கள், இருந்தாலும் முழுசும் படித்தான்.

"வாசிச்சுப் பாத்தேன் அக்கா" என்றான்.

"எதை?"

"அந்த ஆளை. முப்பத்திமூணுல கேட்டமே, அவனை. அதே நிதானத்துல, அதே வாக்கியம் அத்தனையும்." பெட்டியைக் கீழே வைத்தான். "மூச்சு பத்தல. ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள கண்ணு இருட்டிட்டு வருது. மனுஷ நெஞ்சுக்கு அவ்வளவு நீளம் கிடையாது. நீ காது ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ. அது உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சிருக்கணும்."

"ஆனா தெரியல."

"தெரியல. கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

அவன் அவளைப் பார்த்தான். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறக்கப் பறக்க எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த தட்டுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், டிரம்ஸ்காரரை மாற்றவில்லை, குச்சி இடறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்றான். அது எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டவன் வாசலில் நின்றான்.

"அதையும் முக்காடு போட்டே கேளு. வேகத்தை மட்டும் பாத்துக்க."

"சரிடா."

எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். பஸ் இல்லை. ஒருமுறை எட்டிப் பார்த்தான், இன்னொருமுறை எட்டிப் பார்த்தான், பிறகு அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான். அவன் அங்கே போய்ச் சேருவதற்குள் பஸ் அவனைத் தாண்டிவிடும் என்று காதம்மாவுக்குத் தெரியும். எப்போதும் அப்படித்தான் ஆகும்.

அவள் மேஜைக்குத் திரும்பி அடுத்த வெள்ளை உறையை எடுத்தாள். தட்டை டர்ன்டேபிளில் வைத்தாள். காகிதத்தின் ஓட்டை வழியாக முப்பத்திமூன்று தெரிந்தது.

"அண்ணே, இது முப்பத்திமூணுதானே?"

"போட்டிருக்கே அதுல."

"போட்டிருக்கு. நீங்களும் ஒரு தடவ பாருங்க."

ஊசி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். ஆமாம் என்றார். அவள் ஊசியை இறக்கினாள்.